குலவைக்கு முன் ஒரு மூச்சு

இன்ஷிராஹ் சித்தி குலவையிட்டால், எங்கள் ஊர்க் கால்வாயில் போகும் கப்பல்கள் தங்களைவிடப் பெரிய கப்பல் ஏதோ ஊதுகிறது என்று ஓரம் கட்டும். ஒரு கிரேக்கக் கப்பல் மரியாதைக்குப் பதில் ஊதிவிட்டே போனது. போர்ட் சயீதில் அவர் நாக்கு ஆடாமல் நடந்த கல்யாணம் செல்லாது. இதில் பாதியை நம்பினால் போதும். மீதியை எங்கள் தெரு நம்பிக்கொள்ளும்.

அந்தக் குலவை நின்று சில வருஷங்கள் ஆகியிருந்தன. கடைசிப் பையன் பெரிய தலையோடு, சித்தியைப் படாதபாடு படுத்திப் பிறந்தான். அதற்குப் பிறகு சித்தி நாலாவது மாடியை விட்டு இறங்குவது குறைந்து, அப்புறம் நின்றே போனது. கேட்டால் முட்டி வலி. அவர் எனக்கு ரத்த உறவில்லை. நாங்கள் அதே கட்டடத்தின் கீழ்வீடு. சித்தி என்பது வாய்ப் பழக்கம்.

அவர் இறங்காவிட்டாலும் அவர் கூடை இறங்கும். பால்கனியிலிருந்து கயிற்றில் வரும், காய்கறிக்காரர் நிரப்புவார், மேலே போகும். நடுவில் நான். கத்தரிக்காய்க்கு அடியில் உயிருள்ள நண்டை வைப்பேன். ரொட்டிக்கு நடுவில் ரப்பர் பல்லி. பள்ளிக்கூடம் என்னை வேண்டாம் என்று சொன்ன பிறகு எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் இதுதான். சித்தி வீறிட்டுக் கத்துவார், பிறகு வயிறு குலுங்கச் சிரிப்பார்.

ஒருநாள் சிரிப்பு பாதியில் அறுந்தது. முகம் கல்லானது. ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். கூடை பல்லியோடு காற்றில் தொங்கியது.

கோபம் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் சமையலறை ஜன்னல், கட்டடத்தின் நடுக்குழியைப் பார்த்தது. எல்லாக் குளியலறைச் சத்தமும் அதில்தான் விழும். ஒவ்வொரு தொழுகைக்கு முன்னும் நாலாவது மாடியில் ஒரு இருமல் கேட்கும். வரவழைத்த இருமல், பிறகு முக்கல், மறுபடி இருமல். கடைசிச் சொட்டுச் சிறுநீரும் போனால்தான், தொழுகைக்கு முன் கழுவிக்கொள்ளும் ஒளு நிற்கும் என்று எங்கள் பெண்கள் பலருக்கும் ஒரு நம்பிக்கை. சித்தி தொழுகைக்கு நின்று குனிந்திருப்பார், மறுபடி தண்ணீர் திறக்கிற சத்தம். துணிக்கொடியில் வெளிக்கயிற்றில் படுக்கை விரிப்புகள். அதன் மறைவில் உள்கயிறு நிறைய உள்பாவாடைகள். ஒரு பெண்ணுக்கு அத்தனை எதற்கு? கணக்கில் நான் தோற்றவள்தான், ஆனாலும் புரிந்தது.

அப்போதுதான் சித்தியின் மகள் ஹாஜருக்கு அக்கரை போர்ட் ஃபுவாதில் சம்பந்தம் அமைந்தது. நிச்சயமும் நிக்காஹும் மாப்பிள்ளை வீட்டில். கால்வாயை ஃபெர்ரியில் கடக்க வேண்டும். அதில் கழிப்பறை கிடையாது.

"நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, என் முட்டி..." என்று சித்தி ஆரம்பித்ததும் ஹாஜர் வெடித்தாள். மாடிப்படி முழுக்கக் கேட்டது.

"மாப்பிள்ளைய பிடிக்கலேன்னா நேரா சொல்லிடும்மா! ஊர்ல இருக்கற கண்டவ கல்யாணத்துக்கெல்லாம் குலவை போட்டியே, எனக்கு மட்டும் உன் முட்டி வலிக்குதா? நிக்காஹுக்கும் வரலேன்னா நான் உனக்குப் பொண்ணே இல்ல."

நிச்சயத்தன்று சித்தி கறுப்பு கலாபியா அங்கியில் இறங்கி வந்தார். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்பது உதட்டில் தெரிந்தது.

ஃபெர்ரி நடுக்கால்வாயில் நின்றது. சரக்குக் கப்பல் ஒன்று கடந்தது; கடந்தது, கடந்துகொண்டே இருந்தது. பெட்டி மேல் பெட்டி, வால் தெரியவில்லை. சித்தி கம்பியை இறுகப் பிடித்தார். முன்னால் சம்பந்திக்கான இனிப்புத் தட்டுகளோடு உறவுக்கூட்டம், பின்னால் கார்கள், சுற்றிலும் தண்ணீர். போக இடமில்லை. யாரோ வறுத்த விதையைக் கொறித்தபடி ஜோக் சொன்னார்கள். காற்றில் உப்பு. சித்தி தும்மினார்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். நான் அவர் காலைப் பார்க்கவில்லை, கண்ணைத்தான் பார்த்தேன்.

என் கையில் கரும்புச்சாறு பாட்டில் இருந்தது. அது எப்படியோ தவறி, இடுப்பிலிருந்து பாதம் வரை அவரை நனைத்தது.

"நாசமாப் போறவளே! கையா அது, கரண்டியா?" என்று என் அம்மா தலையில் குட்டினாள். ஃபெர்ரியே என்னைத் திட்டியது. ஹாஜர் முறைத்தாள். சித்தி மட்டும் திட்டவில்லை. அக்கரையில் என் அக்கா வீட்டில் உடை மாற்றிக்கொண்டு நிச்சயத்தில் உட்கார்ந்தார். குலவைதான் வரவில்லை.

அக்கா அவள் பிரசவத்துக்குப் பிறகு அங்கேயே ஒரு டாக்டரம்மாவிடம் போய்க்கொண்டிருந்தாள். சிறுநீர்க் கசிவுக்கென்றே பயிற்சி தருகிறவர். அக்கா பேரைச் சொன்னால் 'அவ சின்னவ, அவளுக்குச் சரியாகும்' என்று விடுவார் சித்தி. அதனால் மாடிக்குப் போய் மூக்கை உறிஞ்சினேன்.

"சித்தி, எங்கம்மாவுக்கு இருமினா... கசியுதாம். வெக்கப்படறா. அந்த டாக்டரம்மாகிட்ட அவளுக்காக நீங்க போய் ஒரு வார்த்தை கேட்டு வாங்களேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாவம் உங்கம்மா," என்றார்.

கப்பல்கள் குறைந்த ஒரு காலையில் கடந்தோம். டாக்டரம்மா பெயர் இப்திஹால். "என் பக்கத்து வீட்டுக்காரி..." என்று சித்தி ஆரம்பித்தார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி எத்தனை பெற்றாள், எப்போது கசிகிறது, கழிப்பறைக்கு எத்தனை தடவை ஓடுகிறாள், எல்லாம் சித்திக்கு அத்துப்படி.

"சரி ஹஜ்ஜா," என்றார் டாக்டரம்மா, பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு, சிரிக்காமல். "பக்கத்து வீட்டுக்காரி சார்பா நீங்களே திரைக்கு உள்ள வாங்க."

திரைக்கு வெளியே வந்தபோது சித்தியின் கண் சிவந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். அதனால் என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை.

"வயித்துக்கு அடியில ஒரு தசை, கூடைக்கு அடி மாதிரி. பிரசவத்துல தளர்ந்திருக்கு. ஆனா அது மட்டும் இல்ல ஹஜ்ஜா. பயத்துல நாள் பூரா அதை இறுக்கிப் பிடிச்சிட்டே இருக்கீங்க. தூங்காத காவல்காரன் திருடன் வர்றப்போ தூங்கிடுவான் இல்லையா? முதல்ல விடக் கத்துக்கணும். அப்புறம்தான் பிடிக்கறது."

"விடறதா? விட்டா எல்லாம் போயிடுமே!"

"போகாது. மூச்சை உள்ள இழுக்கறப்போ அடியைத் தளரவிடுங்க. மூச்சு வெளிய போறப்போ மெல்ல மேல தூக்குங்க, வயித்தையோ தொடையையோ இறுக்காம. தும்மல், இருமல், சிரிப்புக்கு முன்னாடி ஒரு தூக்கு. தண்ணிய குறைக்காதீங்க. ஒளுவுக்கு முன்னாடி இருமறீங்களா?"

சித்தி மெல்லத் தலையாட்டினார்.

"அதை இன்னிக்கே நிறுத்துங்க. ஒவ்வொரு இருமலும் அந்த அடியில ஒரு குத்து. நிதானமா உக்காருங்க, முன்னாடி சாயுங்க, எழுந்திருங்க. மீதி அல்லாஹ்வுக்குத் தெரியும்."

உடனே ஒன்றும் மாறவில்லை. முதல் மாதம் சித்தி மேலும் எரிந்து விழுந்தார். "மூச்சு விடறதுக்கா ஒரு டாக்டரு?" என்றார். பயிற்சியை விட்டார், பிறகு தொடர்ந்தார். நடுக்குழியில் இருமல் நின்றது. உள்கயிறு மெல்லக் காலியானது. கோடை முடியும்போது, கூடையில் நான் வைத்த தவளை மேலே போனது. சிரிப்பு முழுசாகக் கீழே வந்தது.

நிக்காஹ் நாளில் ஃபெர்ரி மறுபடியும் நின்றது. சித்தி கம்பியைப் பிடிக்கவில்லை, கப்பலுக்குக் கையாட்டினார். அக்கரையில் மாப்பிள்ளையும் ஹாஜரின் அப்பாவும் கை கோத்தார்கள், நிக்காஹ் வார்த்தைகள் முடிந்தன. எல்லோரும் சித்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹாஜர் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தாள்.

சித்தி ஒரு மூச்சு இழுத்தார். ஒரு கணம் அசையாமல் நின்றார். அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு எழுந்தது குலவை. கிரேக்கக் கப்பல் எங்கே இருந்தாலும் கேட்டிருக்கும். ஹாஜர் ஓடிவந்து அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நான் மொச்சைத் தட்டுக்குப் பின்னால் ஒதுங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது.

"என்னடி, கண்ணு கலங்குது?"

"வெங்காயம், சித்தி."

"மொச்சையில வெங்காயமே இல்ல." குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மா மாடியில வந்து என் முன்னாடி பசங்களோட கயிறு தாண்டி ஆடறா, தும்மறா, ஒரு சொட்டு இல்ல. அவளுக்காக நான் டாக்டரப் பாத்தேனாம். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

வாய் திறந்தேன். அவர் விடவில்லை.

"அந்தக் கரும்புச்சாறும் தவறி விழல. ஊத்தறதுக்கு முன்னாடி நீ மூடியத் திருகினத நான் பாத்தேன்."

என் உள்ளங்கையில் எதையோ வைத்து மூடினார். பிரித்தால், அன்று கூடையோடு காற்றில் தொங்கிய என் ரப்பர் பல்லி.