மணலுக்குள் கிடந்த கலியாண வைன்

2004 மார்கழி, சுனாமி வந்து மூன்றாம் நாள். மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் கரைக்கு, பிணம் ஏற்றுவதற்காக உழவு மெசினையும் அதன் இழுவைப் பெட்டியையும் கொண்டு, உதவிக்கு ஒருவனோடு போயிருந்தேன். எனக்கு ஊர் கிரான், வயல்காரன். யுத்தத்தில் பிணம் பார்த்துப் பழகியவன்தான். ஆனாலும் அந்த இடத்தைக் கண்டதும் மெசினை நிறுத்திவிட்டு இறங்காமலே இருந்தேன். வீடு இல்லை, வேலி இல்லை, ரோடுகூட இல்லை. எல்லாம் ஒரே மணல்.

அங்கே போர்த்துக்கீசர் வழிவந்த வயதான பறங்கி ஐயா ஒருவர் தனியே மணலைக் கொத்திக்கொண்டிருந்தார். அவர்கள் தலைமுறை தலைமுறையாக வைன் செய்கிற குடும்பம். போத்தலுக்குள்ளேயே நுரைக்க விட்ட வைன். தக்கையை எடுத்தால் பொங்கி வழியும். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் கலியாணத்துக்கும் டவுன் ஆட்கள் அதைத்தான் தேடுவார்கள் என்று எங்கள் ஊர்வரைக்கும் பேச்சு.

போத்தல்தான் ஐயா தேடுகிறார் என்று தெரிந்ததும் என்னோடு வந்தவனுக்குக் கோபம் வந்துவிட்டது. மனிசர் பிணம் தேடுற இடத்தில் குடி கேட்குதா என்று ஏசினான். எனக்கும் எரிச்சல்தான்.

ஐயா நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை.

"போத்தல் எனக்கு என்னத்துக்குத் தம்பி? சமைக்கிற குசினிச் சுவர் ஓரமாத்தான் மணலுக்குள்ள நீட்டுக்குத் தாட்டு வெச்சிருக்கன். அது கிடைச்சா வீடு இருந்த இடம் தெரியும். மகள் அதுக்கு மறுபக்கத்து அறையிலதான் படுத்திருந்தவ."

வெயில் பட்டால் வெடிக்கும் என்று, போத்தல்களை ஈர மணலில் ஆழமாகப் புதைத்து வைப்பது அவர்கள் வழக்கமாம். அந்த வருஷத்து வைனை அவர் ஒருவருக்கும் விற்கவில்லை. தை மாதம் மகளுக்குக் கலியாணம், அவ்வளவும் அதற்கு. தாய் முன்பே இறந்துவிட்டார். கடல் வந்தபோது ஐயா மட்டும் டவுன் தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்குப் போயிருந்தார்.

பின்னேரம் மண் வாருகிற பெக்கோ மெசின் வருவதாக இருந்தது. வந்தால் கிடைக்கிறவர்களை எல்லாம் வாரி ஒரே குழிக்குள் போட்டுவிடும். யாருக்கு யார் என்று பிறகு ஒருவரும் சொல்ல முடியாது. ஏசியவன்தான் முதலில் மண்வெட்டியை எடுத்தான்.

வெயில் சாயும்போது என் அலவாங்கின் இரும்பு முனை கண்ணாடியில் தட்டியது. கையால் மணலை விலக்கினோம். பாதிக்கு மேல் உடைந்திருந்தாலும் மற்றவை வரிசை குலையாமல் படுத்திருந்தன. ஐயா அதில் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழும்பி, வாவிப் பக்கமாகக் காலடி எண்ணி நடந்து போய் நின்றார். அந்த இடத்தைக் கொத்தினோம். விழுந்த சுவருக்குக் கீழே பிள்ளை கிடந்தா. ஐயா போட்டிருந்த சேட்டைக் கழற்றி மகளின் முகத்தை மூடினார். பெக்கோவின் சத்தம் அப்போதுதான் கேட்டது.

என் மெசினில்தான் சேமக்காலைக்குக் கொண்டு போனோம். தாய்க்குப் பக்கத்தில் தனிக்குழி வெட்டி வைத்தோம். எல்லாம் முடிந்தபிறகு ஐயா கையோடு கொண்டுவந்த ஒரு போத்தலின் தக்கையைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்தார். வைன் நுரைத்து அவர் கையெல்லாம் வழிந்தது. எங்களிடம் நீட்டினார்.

"கலியாணத்துக்கு வாற ஆக்களுக்கு வெச்சது. நீங்கதானே வந்திருக்கீங்க."

குடியைத் தொடாதவன் நான். வாங்கி ஒரு வாய் குடித்தேன். இனித்தது. அந்த நேரத்தில் இனிப்பதை நினைத்து ஓவென்று அழுதுவிட்டேன்.

பிறகு யுத்தமும் முடிந்தது. கடைசிச் சண்டையில் என் தம்பி காணாமல் போனான். இருக்கிறானா, இல்லையா, எந்த மண்ணில் கிடக்கிறான் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அம்மா இன்னும் அவனுக்கும் சேர்த்துத்தான் சோறு போடுகிறா. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்த ஐயாவை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமைதான் வருகிறது. அவருக்குக் கொத்திப் பார்க்க ஓர் இடம் இருந்தது.