பூட்டுக்காரர் போன கல்யாணம்

ரயில் பணிமனையில் அவருக்குப் பூட்டுக்காரர் என்று பெயர். பெட்டிக்கு அடியில் வேலை பார்க்க இறங்கும் மெக்கானிக், வண்டியை யாரும் நகர்த்திவிடாதபடி எஞ்சினில் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். விதி எல்லோருக்கும் பொதுதான், ஆனால் இவருக்கு அது வெறி. ஒருமுறை யாருடைய பூட்டையோ உடைக்கப் போன ஓட்டுநரை, "கீழ ஆள் இருந்தா நீயா பொறுப்பு?" என்று கேட்டு உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். அதற்குப் பிறகு அங்கே எவனும் எவன் பூட்டையும் தொடுவதில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதரைக் கட்டிக்கொண்ட புண்ணியத்தில், அவர் மனைவி எல்லா விசேஷத்துக்கும் தனியாகவே போய்வந்தாள். "வீட்டுக்காரர் வரலையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோனாள். அண்ணன் மகள் கல்யாணத்துக்காவது ஜோடியாகப் போக வேண்டும் என்று இந்த முறை ஒற்றைக் காலில் நின்றாள். அவரும் காலையில் ஓர் எட்டு வேலைக்குப் போய்விட்டு, புதுச் சட்டையோடு ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக அவர் ஃபோனைப் பிடுங்கி, அணைத்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பணிமனையிலிருந்து வர வேண்டிய வண்டியைக் காணோம். பக்கத்தில் நின்றவர் முணுமுணுத்ததுதான் தாமதம், இவர் பிடித்துக்கொண்டார்.

"எவனோ பொறுப்பில்லாத பய வேலையப் பாதியில போட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பான். எங்க ஆளுங்கள எனக்குத் தெரியாதா?"

கைக்குட்டைக்காகத் தன் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டார். பூட்டின் சாவி வந்தது.

"என்னங்க, ஏன் இப்படி முழிக்கிறீங்க?"

"அந்தப் பய நான்தான்."

தண்டவாளத்தின் ஓரமாகத் தலைதெறிக்க ஓடினார். பணிமனையே வண்டியைச் சுற்றிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தாச்சு, அடியில ஒரு ஆளும் இல்ல. ஆனா உன் பூட்ட உடைச்சா நீ சும்மா விடுவியா?" என்று பல்லைக் கடித்தார் அதே ஓட்டுநர். "ஃபோனை வேற அணைச்சு வெச்சுட்டே!"

கையில் சாவி இருந்தும் அவருக்கு மனசு கேட்கவில்லை. புதுச் சட்டையோடு வண்டிக்கு அடியில் தவழ்ந்து, முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை தானும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் பூட்டைக் கழற்றினார்.

அதே வண்டியில் ஏறிப் போகையில், வழி நெடுக அவள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். கோபம் என்று அவர் நினைத்தார். ஃபோனை அணைத்தது யார் என்று கேட்டுவிடுவாரோ என்று அவளுக்கு உள்ளூரப் பயம்.

மண்டபத்தை அடைந்தபோது கல்யாணமே முடிந்திருந்தது. மணமக்களோடு படம் எடுக்கக் குடும்பத்தினரை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் பதுங்கியிருந்தவரின் சட்டையில் முழங்கைவரை கிரீஸ். கேமராக்காரர் கையை ஆட்டினார்.

"அண்ணே, வேலை செய்றவங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க. இது குடும்பப் படம்."

அவர் நகரப் போனார். மனைவி அவர் கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்து வந்து, தன் பட்டுப்புடவையோடு ஒட்டி நிறுத்திக்கொண்டாள்.

"இவர் என் வீட்டுக்காரர்," என்றாள். "நல்லாத் தெரியுற மாதிரி எடுங்க."