எது அம்மை, எது பரு

என் பெயர் மாரியாயி; என் முகத்தில் குழிகள் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பவர்கள் மூன்றாவதை என்னிடம் கேட்பதில்லை, தாங்களே முடிவு செய்துவிடுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்க்கும் விடுதிக்குச் சேவிக்க வந்து தங்கிய மாமி ஒருவர், வரவேற்பு மேசையில் என் பெயர் அட்டையைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"வைசூரியா கொழந்தே? பாவம்."

வைசூரி நான் பிறப்பதற்கு முன்பே நாட்டை விட்டு ஒழிந்துவிட்டது என்று பணிவாகச் சொன்னேன்.

"நன்னாத் தெரிஞ்சிண்டிருக்கியே!" என்று மெச்சிக்கொண்டே அறைச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். பாவம் என்று சொன்னதை மட்டும் திரும்பப் பெறவில்லை.

இவை பருவால் வந்த குழிகள் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் அதை நிறுவுவதில் ஓர் இடர் இருந்தது. ஆறு வயதில், உப்பிலியபுரத்தில், எனக்கு உண்மையாகவே அம்மை போட்டது. பிறகு பதினாறாம் வயதில் இரு கன்னங்களிலும் சிவந்த கட்டிகள் எழும்பி, வலித்து, சீழ் கோத்தன. என் தாயார் பார்த்த மாத்திரத்தில், "ஆத்தா மறுபடியும் வந்திருக்கா" என்றார். வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாது என்பதால் மருத்துவரிடம் போகும் பேச்சே எழவில்லை. கட்டிகள் அடங்கின, மீண்டும் வந்தன. மாதங்கள் போயின. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிய முகத்துடன் நான் வீட்டிலேயே இருந்தேன்.

வேலைக்கு வந்த பின்னர்தான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கக் குழப்பமே வளர்ந்தது. காரணம், எல்லாவற்றுக்கும் நம்மிடம் இருக்கும் 'தழும்பு' என்ற ஒற்றைச் சொல். தழும்பு என்று மருந்துக் கடையில் கேட்டேன், களிம்பு கொடுத்தார்கள். அது கரும்புள்ளிக்கானது என்பதும், கரும்புள்ளி தழும்பே அன்று, வெயில் படாமல் காத்தால் காலப்போக்கில் தானே மங்கக்கூடிய வெறும் கறை என்பதும் பின்னரே விளங்கின. அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. முகத்தைச் சில வாரம் பளிச்சென்று வைத்திருந்துவிட்டு, அடங்கிப்போயிருந்த பருக்களை மீண்டும் கிளப்பியது. கடைச் சீட்டையும் களிம்பின் காலிக் குழாயையும் இன்றும் வைத்திருக்கிறேன். கேட்டபோது கடைக்காரர், "நீங்க தழும்புன்னுதானே கேட்டீங்க?" என்றார். நான் அப்படித்தான் கேட்டிருந்தேன்.

தென்னூரில் தோல் மருத்துவர் அனுபமா, முதலில் பருக்களை அடக்க மருந்து கொடுத்தார். பரு வந்துகொண்டிருக்கும்போது குழிக்கு வைத்தியம் செய்வது வீண் என்றார். முகம் அமைதியடைந்த பிறகு, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எனக்கே கண்ணாடியில் காட்டினார். ஊசி குத்தினாற்போல் ஒடுங்கி ஆழமானவை சில. விளிம்பு செங்குத்தாக அகன்றவை சில. அடியிலிருந்து நார் இழுத்துப் பிடிப்பதால் அலைபோல் தாழ்ந்தவை சில. ஒடுங்கியதற்கு அமிலத் துளி, தாழ்ந்ததற்கு ஊசியால் அடிநாரை அறுத்துவிடுதல், அகன்றதற்கு மேல்தோலில் நுண்ணூசிகளால் குத்துதல். முழுவதும் போகாது, ஆழம் குறையும் என்று ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

என்னுடன் வசிக்கும் தாயாருக்குப் போதவில்லை.

"பருக் குழிய என்னமோ பண்ணிக்க. ஆத்தா வச்ச முத்திரையில ஊசி பட்டுச்சு, நான் அன்னிக்கே ஊருக்கு பஸ் ஏறிடுவேன். அப்புறம் இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்."

ஆகவே எது ஆத்தாளுடையது, எது பருவுடையது என்று பிரிக்க வேண்டியதாயிற்று. கண்ணாடி முன் நின்று பல முறை பிரித்தேன். ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது. வட்டமாக இருப்பது அம்மை என்று படித்த அன்று எல்லாம் வட்டமாகத் தெரிந்தன. வேறு வழியின்றித் தாயாரையே தென்னூருக்கு அழைத்துச் சென்றேன்.

மருத்துவர் தாயாரின் கையில் குறியிடும் பேனாவைக் கொடுக்காத குறையாக நடந்துகொண்டார். "எது அம்மைன்னு நீங்களே காட்டுங்கம்மா. அதை நான் தொடல."

தாயார் முதலில் நெற்றியில் இருந்த ஒன்றைக் காட்டினார். "சரி, அது அம்மைதான்" என்று மருத்துவரும் ஒப்புக்கொண்டார். வலக் கன்னத்தைப் பருவுக்கு விட்டுக்கொடுத்த தாயார், இடக் கன்னத்தின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"இது மொத்தமும் ஆத்தா."

"அம்மா, அம்மைன்னா உடம்பு பூரா வரும், கொஞ்ச நாள்ல இறங்கிடும். முகத்துல மட்டும் மாசக்கணக்குலயா நிக்கும்?"

"எங்க ஊர்ல நிக்கும்."

"ரெண்டு கன்னத்துலயும் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு?"

"உங்களுக்கு அப்படித் தெரியும் டாக்டரம்மா. பாத்துக்கிட்டவ நானு."

மருத்துவர் சிரித்துக்கொண்டே கையுறை எடுக்கத் திரும்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏம்மா இப்படி அடம் புடிக்கிற? வலது பக்கத்த விட்டுட்ட. இது மட்டும் என்ன?"

தாயார் கையை எடுக்கவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

"எல்லாம் பருன்னு ஆயிட்டா, உன்னை ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாம வீட்டுல வச்சிருந்தேனே, அது எதுக்குடி?"

இத்தனை ஆண்டுகள் சேர்த்த சீட்டுகளும் படித்தவையும் என் பக்கமே இருந்தன. இந்தக் கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. கோபப்பட வேண்டுமா, சமாதானம் சொல்ல வேண்டுமா என்று எனக்குப் புலப்படவில்லை. இப்போதும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கை சூடாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

"டாக்டர், இன்னைக்கு வலது பக்கம் மட்டும் பண்ணுங்க" என்றேன்.

"அப்ப இடது?"

"அது அம்மாகிட்ட இருக்கட்டும்."

வலக் கன்னத்தை மரத்துப்போகச் செய்யும் களிம்பைச் செவிலியர் பூசினார். அது வேலை செய்யும்வரை நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தாயார் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். பிறகு அவருடைய விரல் நுனி என் இடது கண்ணுக்குக் கீழே வந்து நின்றது. சற்றுத் தயங்கி, பக்கத்துக் குழிக்கு நகர்ந்தது.

"டாக்டரம்மா, இங்க கொஞ்சம் வாங்க. இந்த ரெண்டும் பருதான். இதையும் சேத்துப் பண்ணிடுங்க. மத்தது... மத்தது அடுத்த தடவ பாத்துச் சொல்றேன்."