இடப்பக்கம் முறுக்கிய கம்பி

ஓடிப்போனாளாம்! ஓடிப்போகிறவள் யாராவது பட்டுப்போன மரக்கன்றை வேரோடு பிடுங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், தெரு நடுவே நடந்து போவாளா? துணிமணி எடுத்தாளா? பெற்ற மகளையாவது கூட்டிக்கொண்டாளா? போய் முழுசாக மூன்று நாள் ஆகவில்லை, அதற்குள் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துக் கதை கட்டிவிட்டார்கள். அதிலும் அந்த மாடிவீட்டுக்காரிக்கு வாய் ஓயவே இல்லை. "பொண்ணுக்காகத் தகட்டை மாத்தி, இருபது பிள்ளைங்க படிப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டு ஓடிட்டா தண்ணிக்காரி" என்கிறாள். தகடு மாறியது நிஜம். படிப்பில் மண் விழுந்ததும் நிஜம். மற்றதெல்லாம் அவள் வாயில் பிறந்தது. நடந்ததை நடந்தபடி கேட்டுக்கொண்டு, பிறகு பேசட்டும்.

தண்ணிக்காரி என்பது ஊர் வைத்த பட்டப்பெயர். புருஷன் செத்த மறுவருஷம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற கல்மேட்டில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை அவளுக்குக் கிடைத்தது. வேலை கொடுத்தது ஓர் அறக்கட்டளை. பெரிய நகரத்தில் யாரோ ஒரு பெரியவர், தான் சம்பாதித்ததை மண்ணுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் செலவழிக்கிறாராம். நல்ல மனிதர்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார். ஒரு பிள்ளைக்கு ஒரு மரம். பிள்ளையின் பேரில் கன்று நட்டு, அதில் நம்பர் போட்ட தகரத் தகடு ஒன்றைத் தொங்கவிடுவார்கள். வருஷத்துக்கு ஒருநாள் அதிகாரி வந்து பார்ப்பார். கன்று உயிரோடு இருந்தால் பிள்ளையின் அடுத்த வருஷப் படிப்பு அறக்கட்டளையின் பொறுப்பு. பட்டுப்போயிருந்தால் அதோடு சரி.

முப்பத்தாறு பிள்ளைகள், முப்பத்தாறு கன்றுகள். பத்தொன்பதாம் நம்பர் அவள் மகளுடையது. ஒன்பதாவது படிக்கிற பெண். முப்பத்தாறு தகடுகளையும் கம்பி வைத்துக் கட்டியவள் தண்ணிக்காரியேதான். எல்லாம் ஒரே மாதிரி, வலப்பக்கமாக மூன்று முறுக்கு. எது கூனல், எது இரட்டைத் தலை, எது ஆட்டிடம் கடிபட்டுப் பிழைத்தது என்று ஒவ்வொன்றையும் தன் பிள்ளை மாதிரி அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மூன்றாம் கோடையில் கல்மேட்டு ஆழ்குழாய் காற்றைத்தான் கக்கியது. அவள் அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"சார், சொட்டுத் தண்ணி வரல. லாரியில அனுப்புங்க, இல்லேன்னா குழாயை ஆழப்படுத்துங்க."

"நடுறதுக்குத்தான்மா திட்டத்துல இடம் இருக்கு. லாரிக்கு இல்ல. அடுத்த கூட்டத்துல பேசுறேன்."

"கூட்டம் எப்ப சார்?"

"நான் வந்து மரத்தைப் பார்த்துட்டுப் போனப்புறம்."

பார்த்துட்டுப் போனப்புறம்! செத்தவனுக்கு மருந்துச் சீட்டு எழுதிய மாதிரி.

அவள் தள்ளுவண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, தெருக்குழாயில் கேன் கேனாகப் பிடித்து மேட்டில் ஏற்றினாள். இடுப்பு ஒடிந்தது, உள்ளங்கைத் தோல் உரிந்தது. என்ன குட்டிக்கரணம் போட்டாலும் இருபது கன்றுக்குமேல் கொண்டுபோக முடியவில்லை. எல்லாவற்றுக்கும் பங்கு போட்டு ஊற்றிப் பார்த்தாள், எல்லாமே வாடின. பத்தாம் நாள் வண்டியை நிறுத்திவிட்டு, மேட்டில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தாள். செலவு நின்றுபோனால் எந்தப் பிள்ளை நிச்சயம் வேலைக்குப் போகுமோ, அந்தப் பிள்ளையின் கன்றுக்குத் தண்ணீர். யாராவது தாங்கிப் பிடிப்பார்கள் என்றால், அந்தக் கன்று தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் எண்ணியது ஏழாம் நம்பரை. கூனல் கன்று. அது சித்தியிடம் வளரும் ஒரு சின்னப் பெண்ணுடையது. அந்தச் சித்தி, செங்கல் சூளையில் அவளுக்கு இடம் பேசி வைத்துவிட்டு, படிப்பு எப்போது நிற்கும் என்று காத்திருந்தாள்.

மாடிவீட்டுக்காரி மேட்டுக்கே வந்து சண்டை பிடித்தாள். "ஏன்டி, எங்க பையன் மரத்துக்கு மட்டும் தாகம் எடுக்காதா?"

"உங்க பையன் மரத்துக்கு அப்பா இருக்காருக்கா. கடை வேற வச்சிருக்காரு."

"உன் பொண்ணு மரத்துக்கு மட்டும் ஊத்திக்கிட்டு, எனக்கு வியாக்கியானம் சொல்றியா?"

தண்ணிக்காரி அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பத்தொன்பதாம் நம்பரைக் காட்டினாள். அது குச்சியாக நின்றது. ஆமாம், இருபதில் அவள் மகள் இல்லை. இதைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஒரு கேன் அங்கே ஊற்றினால் மற்றப் பத்தொன்பதையும் எவன் நம்புவான் என்று நினைத்தாள். மாடிவீட்டுக்காரி கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இறங்கிப் போனாள். பார்த்தவள்தான் இன்று இப்படிப் பேசுகிறாள்.

அதிகாரி வந்த நாள். பிள்ளைகள் அவரவர் நம்பரைத் தேடி நின்றார்கள். அவர் நோட்டில் குறித்துக்கொண்டே வந்து, ஒரு காய்ந்த குச்சியின் முன்னால் நின்றார். "ஏழு. பட்டுப்போச்சு."

சின்னப் பெண் திருதிருவென்று விழித்தாள். "சார், இது என் மரம் இல்ல. என்னுது கோணல் மரம். அதோ இருக்கே."

"நம்பர் என்ன சொல்லுதோ அதான் பாப்பா கணக்கு."

கூனல் கன்று பச்சையாக நின்றது. அதில் பத்தொன்பது தொங்கியது. தண்ணிக்காரி கிட்டே போய்க் கம்பியைப் பார்த்தாள். முறுக்கு இடப்பக்கம். அவள் வீட்டில் இடது கைக்காரி ஒருத்திதான்.

மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான். மகள் படித்திருப்பாள். ஆனால் அந்தச் சின்னப் பெண் அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "அத்தே, என் மரம் செத்துப்போச்சுன்னு சொல்றாரே, நீங்க சொல்லுங்க அத்தே" என்று கேட்டது.

"தகடு மாறியிருக்கு சார்" என்றாள்.

"யாரு மாத்துனது?"

முதல் வருஷம் அதிகாரி எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது: தகட்டில் கைவைத்த பிள்ளையின் பெயரை அடித்துவிடுவார்கள், திரும்ப எந்தக் காலத்திலும் சேர்க்க மாட்டார்கள். இந்த வருஷம் மரம் போனாலும், அடுத்த வருஷம் புதுக்கன்று கேட்கலாம் என்ற நூலிழை ஒன்று மகளுக்கு மிச்சம் இருந்தது. அதை அறுக்க மனம் வரவில்லை.

"நான்தான் சார்."

வேலை போகும், போகட்டும் என்று நினைத்தாள். அதற்குமேல் அவளுக்குத் தெரியாது. அதிகாரி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று, அவருக்குக் காருக்கு நேரமாகிவிட்டது என்று படித்துக் காட்டாமலே அவளிடம் கையெழுத்து வாங்கிய தாள். தன் பெயரை எழுதுவதைத் தவிர அவளுக்கு வேறு எழுத்துத் தெரியாது. வேலையாளே தகட்டை மாற்றினால் அந்த இடத்துத் திட்டம் முழுவதையும் மூடிவிடுவார்கள் என்று அதில் இருந்தது. உயிரோடு நின்ற இருபது கன்றுகளும் அந்த நிமிஷமே செத்த கணக்கு.

இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி மற்றவர்களை அனுப்பிவிட்டு அவள் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "நீங்க மாத்தலைன்னு எனக்குத் தெரியும்மா. மாத்துறவங்க தன் பொண்ணு மரத்துக்கு ஒரு கேனாவது ஊத்தியிருப்பாங்க. யாரைக் காப்பாத்துறீங்களோ, அது உங்க இஷ்டம். பதினஞ்சு நாளைக்குள்ள பெரியவரை நேர்ல பார்த்து, செஞ்சது ஒரு பிள்ளைன்னு அத்தாட்சியோட சொன்னா, அந்த ஒரு பேரை மட்டும் அடிச்சிட்டு மத்தவங்களை விட்டுடுவாரு."

பதினாலு நாள் அவள் போகவில்லை. வாசலில் வந்து நின்றவர்கள் திட்டினார்கள், அழுதார்கள். சின்னப் பெண்ணைச் சித்தி சூளைக்கு அனுப்பத் தொடங்கிவிட்டாள். காலையில் அது ஜன்னலைத் தாண்டிப் போகும்போது தண்ணிக்காரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். வீட்டில் தாயும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் மதியம் மகள்தான் வெடித்தாள்.

"ஒரு கேன்மா. ரெண்டு நாளைக்கு ஒரு கேன். அவளுக்கு யாருமில்ல, எனக்கு அம்மா இருக்கான்னு சொன்னே. இருந்து என்ன செஞ்சே?"

தண்ணிக்காரி தட்டில் சோற்றைப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினாள்.

பதினாலாம் நாள் மதியம் மேட்டுக்குப் போய், ஏழாம் தகடு தொங்கிய அந்தக் குச்சியை வேரோடு பிடுங்கி வந்தாள். அவள் மகளின் கன்று அது. அடுப்படியில் குறட்டோடு உட்கார்ந்தாள். கம்பியைப் பிரித்து வலப்பக்கம் முறுக்கினால் போதும். அத்தாட்சி என்று ஒன்று இருக்காது. மகளைத் தொட எவனாலும் முடியாது. சூளைக்குப் போகிறவள் போவாள். குறட்டால் கம்பியைப் பிடித்தாள், விட்டாள், பிடித்தாள், விட்டாள். மகள் கதவோரம் நின்று பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் காலை முகம் கழுவி, கழுத்தில் அறக்கட்டளை கொடுத்த அட்டையை மாட்டிக்கொண்டாள். குச்சியைக் கையில் எடுத்தாள். இன்னொரு கையில் குறடு இருந்தது. ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. வழி நெடுக யோசிக்கலாம் என்று இருந்திருக்கும்.

மாடியிலிருந்து குரல் வந்தது. "எங்கடி கிளம்பிட்டே, ஊரை அழிச்சது போதாதா?"

அவள் நிமிரவில்லை. வாசற்படியில் ஒரு கால் வைத்தபோது பின்னால் மகள் வந்தாள். அம்மாவின் கையிலிருந்த குறட்டைத் தன் இடது கையால் மெல்ல உருவிக்கொண்டாள்.

"கம்பியைப் பிரிச்சிடாதேம்மா" என்றாள்.

தண்ணிக்காரி மகளின் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட வந்த கை பாதியில் நின்றது. "அடுப்புல சோறு இருக்கு, சாப்பிட்டுடு" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுப் படி இறங்கி நடந்தாள். நடக்க நடக்க அந்தத் தகரத் தகடு குச்சியில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. தெருமுனை திரும்பும்வரை மகளுக்கு அது கேட்டது.