காப்புக் கட்டிய வாரத்து மீன்

மனைவி பாறை மீனில் மிளகும் மஞ்சளும் பிரட்டி, எலுமிச்சை பிழிந்து ஊறவைத்தாள். வெயில் காலத்துக்கு வயிற்றுக்கு இதமாக இருக்குமாம். அந்த மணம் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம்.

எழுபதுகளில், தூத்துக்குடியில் அம்மன் கோயிலில் ஒரு பங்குனிக் கொடைத் திருவிழா. தீச்சட்டி எடுக்க அப்பா காப்புக் கட்டியிருந்தார். எட்டு நாள் வீட்டில் யாரும் மீன் தொடக்கூடாது. தொட்டால் சட்டி அவர் கையைச் சுட்டுவிடும். கடைசி நாள் காலையில் பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா இதே மணத்தில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு துண்டுதானலே, தின்னு. உங்க அம்மாட்ட சொல்லமாட்டேன்."

மூன்று தின்றேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் விரலில் மணம் போகவில்லை.

சாயங்காலம் அப்பா சட்டியோடு வந்தபோது, சாமி கும்பிடாமல் அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இறக்கி வைத்ததும் பார்த்தால், உள்ளங்கையில் கொப்புளம்.

"வீட்டுல யாரு என்ன தப்புப் பண்ணுனிய?" என்று அம்மா அலறினாள்.

நான் அழுதுகொண்டே வெண்ணெய் தடவினேன். அப்பா என் விரல்களைப் பிடித்து மெல்ல முகர்ந்தார்.

"ஏளா, யாரும் ஒண்ணும் பண்ணல. சட்டிக்கு அடியில நாந்தான் வேப்பிலையக் கொஞ்சமா வச்சுட்டேன்" என்றார் அம்மாவிடம்.

இன்றும் மீன் தின்றால் மூன்று முறை கை கழுவுகிறேன். சுத்தக்காரன் என்று மனைவி ஊரெல்லாம் பெருமையடிக்கிறாள். நான் மறுப்பதில்லை.