பத்துக்கு ஒன்பது பேர்

எங்க வீட்டுக்காரருக்குத் தெருவுல 'சதவீதம்'னு பேரு. உப்பு சரியா இருக்கான்னு கேட்டாக்கூட 'அனேகமா'ம்பார். சுகாதாரத் துறையில உத்தியோகம். ஃப்ளூ காய்ச்சல் ஊருக்குள்ள எப்படிப் பரவும், மருந்து எப்போ கேக்காம போகும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுச் சொல்லணும். இருபது வருஷமா அதே நாற்காலி, அதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு.

மாத்திரை அஞ்சு நாளைக்கு. ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுடும். அப்பவே நிறுத்தினா, சாகாம தப்பிச்ச கிருமி மருந்தையே மதிக்காதுன்னு சொல்வார். ஆனா எத்தனை பேர் பாதியில நிறுத்துறாங்கங்கிற எண்ணிக்கை மட்டும் அவர்கிட்ட இல்ல. ஆபீஸ்ல ஆள் தரல. நோட்டைத் தூக்கிட்டு மனுஷன் தானே நாற்பது வீடு ஏறி இறங்கினார். இப்படி ஒரு கறார்ப் பேர்வழி வாசல்ல வந்து நின்னு கேட்டா யார்தான் உண்மையைச் சொல்வாங்க? நாலு வீட்டைத் தவிர எல்லாரும் முழுசா முடிச்சிட்டோம்னாங்க. நானும் அதையேதான் சொன்னேன். என் பீரோவுல புடவைக்கு அடியில ஆறு மாத்திரை இருந்துச்சு, எனக்குக் காய்ச்சல் விட்டதும் நிறுத்திட்டு, மகளுக்கு ஆகுமேன்னு எடுத்து வச்சது. பெத்தவ புத்தி வேற எங்கே போகும்?

பத்துக்கு ஒன்பது பேர் முடிக்கிறாங்கன்னு எழுதிக் குடுத்தார். அதை நம்பி வீட்டுக்கு வீடு மாத்திரை வந்துச்சு. அடுத்த வருஷம் வந்த காய்ச்சல் அந்த மாத்திரைக்கு அடங்கல.

எங்க மகளுக்கும் வந்துச்சு. பதினோரு வயசு. ஒளிச்சு வச்சதை அவருக்குத் தெரியாம குடுத்துப் பாத்தேன், மூச்சு வாங்குறது நிக்கவே இல்ல. ஆஸ்பத்திரியில சேர்த்தப்புறம்தான் அவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன்.

"மத்த வீட்டுலயும் இப்படித்தானா?"

"எல்லா வீட்டுலயும்ங்க."

திட்டியிருந்தா தேவலையா இருந்திருக்கும். ஒரு காகிதத்தை எடுத்து ஏதோ கூட்டிக் கழிச்சார், மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டார். எனக்கு அங்கேயே செத்துடலாம்போல இருந்துச்சு.

டாக்டரம்மா வந்தாங்க. இந்த மருந்து இவளுக்குக் கேக்கல, வேற மருந்தும் கைவசம் இல்ல, இனி குடுத்துப் பிரயோஜனம் இல்லைன்னாங்க. கேக்காத மருந்தைக் குடுக்கவே கூடாதுன்னு ஆபீஸ்ல இருபது வருஷம் மல்லுக்கட்டின மனுஷன், அவங்க முன்னாடி கையைக் கூப்பினார்.

"நிறுத்தாதீங்கம்மா. அஞ்சு நாளும் குடுங்க."

குடுத்தாங்க. மூணாம் நாள் மத்தியானம் அவ போயிட்டா.