நாலு யூனிட்

எங்கள் அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மீட்டர் அக்கா. காலையில் மின்சார அலுவலகத்துக்காக வீடு வீடாகப் போய் ரீடிங் எடுப்பார். கால்பந்து சீசன் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மாதமும், மதியத்துக்கு மேல் அதே தெருக்களில் எங்களுக்காக இன்னொரு வேலை பார்ப்பார். பொய் முகவரி பிடிக்கிற வேலை.

எங்களுடையது பள்ளிகளுக்கிடையே கால்பந்துப் போட்டி நடத்தும் சங்கம். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு செயலாளர், ஒரு கிளார்க். கிளார்க் நான்தான். ஒவ்வொரு வருஷமும் போட்டி தொடங்கும் முன் நாற்பது ஐம்பது பிள்ளைகள் திடீரென்று பள்ளி மாறுவார்கள். படிப்புக்காக என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் தலைக்கேறும். நன்றாக உதைக்கிற கால் எந்தப் பள்ளியில் இருந்தாலும் மோப்பம் பிடித்துப் போய், "உன்னை நான் எங்கேயோ கொண்டுபோய் உட்காரவைக்கிறேன்" என்று ஆசை காட்டி அழைத்து வருகிற கோச்சுகள் இங்கே நாலைந்து பேர் உண்டு. அவர்களுக்காகவே சங்கம் ஒரு விதி போட்டிருந்தது. மேல்வகுப்பில் பள்ளி மாறுகிறவர் அந்த வருஷமே விளையாட வேண்டுமானால், குடும்பமும் புதுப் பள்ளியின் பக்கத்துக்கு நிஜமாகவே குடிவந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வருஷம் பெஞ்சுகூடக் கிடையாது, வீட்டிலேயே உட்கார வேண்டியதுதான்.

விதி வந்தால் கூடவே தில்லுமுல்லும் வரும். ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, பாயும் பக்கெட்டும் வாங்கிப் போட்டு, "இதுதான் சார் எங்க வீடு" என்பார்கள். மற்றவர்கள் நம்பினாலும் மீட்டர் அக்கா நம்பமாட்டார். ஆறு பேர் இருக்கிற வீட்டில் ஒரே ஒரு பல்துலக்கும் பிரஷ், அதுவும் உறை பிரிக்காதது. குளியலறைச் சோப்பு காய்ந்து வெடித்துக் கிடக்கும். ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே ஒரு ஜோடி செருப்பு. "குளுகுளுன்னு போட்டுக்கிட்டு நடப்பீங்களோ?" என்று அந்த அப்பாவைக் கேட்டுவிட்டு வந்தார் அக்கா. ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

எல்லாவற்றுக்கும் மேலே அவருக்கு மீட்டர் இருந்தது. எந்த வீட்டில் மாதம் எத்தனை யூனிட் ஓடுகிறது என்பது அவருக்கு விரல் நுனியில். ஆள் இருந்தால் விளக்கு எரியும், விளக்கு எரிந்தால் முள் ஓடும். "மீட்டர் பொய் சொல்லாது தம்பி" என்பார். பதினோரு வருஷத்தில் அவர் எழுதிய ஒரு அறிக்கைகூட மேல்முறையீட்டில் கவிழ்ந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எங்களுக்கும் அவரால் கொஞ்சம் உண்டு.

நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு கோல்கீப்பர் பெண்ணின் கோப்பு வந்தது. பள்ளியில் கடைசி வருஷம். மேற்குப் பள்ளியிலிருந்து கிழக்குப் பள்ளிக்கு மாறியிருந்தாள். அவள் நின்றால் வலைக்குப் பூட்டுப் போட்ட மாதிரி என்று எல்லோருக்கும் தெரியும். மேற்குப் பள்ளிக் கோச் அன்றைக்கே ஆட்சேபம் எழுதி அனுப்பிவிட்டார். அக்கா போய்ப் பார்த்தார். சலவைக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை. மதியம் ஒரு தடவையும் இருட்டுகிற நேரத்தில் ஒரு தடவையும் தட்டியும் கதவு திறக்கவில்லை. ஜன்னலில் வெளிச்சமில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டரில் ஒரு மாதத்துக்கு நாலு யூனிட்.

"நாலு யூனிட்ல பல்லியும் கரப்பானும்தான் குடித்தனம் பண்ணும்" என்று சொல்லிவிட்டு, "குடியிருப்பு இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். நான் முத்திரை குத்தினேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். சீருடையில், தனியாக. நெடுநெடுவென்ற உயரம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கைகள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"நாங்க அங்கதான் இருக்கோம். நீங்க சாயங்காலம் தட்டினப்ப உள்ளதான் இருந்தோம்."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உள்ள இருந்துக்கிட்டா திறக்கல?"

"யாருன்னு தெரியலையே."

"எட்டிப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது. என்கிட்ட கதை சொல்லாத கண்ணு. எந்தக் கோச்சு சொல்லிக் கொடுத்தான்?"

அவள் முகம் சிவந்துவிட்டது. அக்காவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, மேல்முறையீடு எப்படிச் செய்வது என்று கேட்டாள். படிவத்தைக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "நான் விளையாட வேண்டும்" என்று மட்டும் எழுதினாள். இந்த வருஷம் ஆடினால்தான் கல்லூரி அணித் தேர்வுக்குக் கூப்பிடுவார்களாம். விட்டால் பள்ளியோடு ஆட்டமும் முடிந்தது. போகும்போது வாசலில் நின்று, "வந்தீங்கன்னா மூணு தடவை தட்டி, துணி ரெடியான்னு கேளுங்க. அப்பத்தான் அம்மா திறப்பாங்க" என்றாள்.

மேல்முறையீடு என்றால் இரண்டு பேர் போய்ப் பார்க்க வேண்டும். மறுநாள் சாயங்காலம் ஆறரைக்கு அக்காவும் நானும் போனோம். வழியெல்லாம் அக்கா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இதைவிடத் தேர்ந்த நடிகைகளையெல்லாம் பார்த்தவராம் அவர்.

மூன்று தடவை தட்டி, "துணி ரெடியா?" என்றேன். எனக்கே கூச்சமாக இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் இரண்டு, சங்கிலி ஒன்று, ஒவ்வொன்றாக விலகுகிற சத்தம் கேட்டது.

அறையில் விளக்கில்லை. ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பழைய தாள் ஒட்டியிருந்தது. கண் பழக நேரமானது. பழகியதும் அக்காவின் பார்வை அதன் வேலையைத் தொடங்கியது, நானும் கூடவே பார்த்தேன். இரண்டு பிரஷ், இரண்டும் ஈரம். தேய்ந்து மெலிந்த சோப்பு. கேஸ் அடுப்பில் இன்னும் சூடு ஆறாத பாத்திரம். கொடியில் கோல்கீப்பர் கையுறைகள். சுவரோரம் பாடப் புத்தகங்கள். ஒரு கைப்பேசி சார்ஜில் கிடந்தது, பக்கத்தில் ஒரு சின்ன மேஜை விசிறி. அந்த நாலு யூனிட்டும் அவைதான். இங்கே ஆள் இருக்கிறது என்று சொல்ல மீட்டர் தேவையில்லை. அக்காவின் முகம் தொங்கிப்போனது.

"மன்னிச்சிடும்மா" என்றார் அந்தப் பெண்ணின் அம்மாவிடம். "தப்பா எழுதிட்டேன். நாளைக்கே மாத்தி எழுதிடுறேன். பொண்ணு விளையாடலாம்."

அந்த அம்மாள் கீழே சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் நீட்டியபடியே நின்றன. மகள் மேல்முறையீடு செய்ததே அவருக்குத் தெரியாது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு எங்களிடம், "நீங்க எழுதினது தப்புன்னு யார் சொன்னா? அதுதாங்க எங்களைக் காப்பாத்துச்சு" என்றார்.

அவர் கணவர் மேற்குப் பள்ளியில் வேன் ஓட்டுகிறார். விரல்கள் அப்படியானது அவரால்தான். ஒருமுறை போலீசுக்குப் போயிருக்கிறார்கள். புத்தி சொல்லி அவரோடே அனுப்பி வைத்தார்களாம். அடுத்த தடவை அம்மாவும் மகளும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள். அவர் ஓட்டுகிற வேன் நிற்கிற பள்ளியில் பெண்ணை எப்படி விடுவது? அதனால் பள்ளி மாற்றம். பந்துக்காக ஓடிப்போனாள் என்று ஊர் பேசியது. பேசட்டும், அதுவும் ஒரு மறைப்புதானே என்று விட்டுவிட்டார்கள்.

"ஸ்கூல் வாசல்ல வந்து நிக்கிறாரு" என்றாள் பெண். "டீம்ல எல்லாரும் என்னை நடுவுல விட்டுப் பின்கேட் வழியா கூட்டிட்டுப் போவாங்க. தினம் ஒரு வழி. அவருக்கு நான் வேண்டாம். அம்மா எங்க இருக்காங்கன்னுதான் தெரியணும்."

எனக்கு அப்போதுதான் மேற்குப் பள்ளிக் கோச்சின் கடிதம் ஞாபகம் வந்தது. கடைசி வரியில், "மாணவியின் புதிய முகவரியைச் சரிபார்த்து எங்களுக்கும் தெரிவிக்கவும்" என்று இருந்தது. யார் சொல்லி எழுதிய வரி என்று தெரியாமல் அதன் மேலும் முத்திரை குத்தி வைத்திருந்தேன். மேல்முறையீடு ஜெயித்தால் முடிவை முகவரியோடு இரண்டு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஏழு நாள் ஒட்ட வேண்டும். அதுவும் விதிதான். தோற்றால் முகவரி வெளியே வராது. அந்த ஆள் தெருத்தெருவாகத் தேடியும் கிடைக்காததை, மீட்டரும் முத்திரையுமாக நாங்கள் இரண்டு பேர் கிளம்பித் தேடிக்கொடுக்க இருந்தோம்.

"அட்ரஸ் போடாம ஒட்ட முடியாதா தம்பி?" அக்கா தாழ்ந்த குரலில் கேட்டார்.

"செயலாளர் சம்மதிக்கணும். காரணம் சொல்லணும்."

எங்கள் செயலாளர் நல்லவர்தான், ஆனால் ஓட்டை வாய். காலையில் அவர் காதில் போட்டது மதியத்துக்குள் எல்லாக் கோச்சுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

"கடைசி வருஷம்மா" என்றாள் பெண். சத்தம் போடவில்லை. அந்த அறையில் யாரும் சத்தம் போட்டுப் பேசிப் பழகவில்லை போலிருக்கிறது.

"நான் வேண்டாம்னு சொல்லல" என்றார் அம்மா. "நீ சொல்லு. நீ விளையாடுறேன்னா நாம இருந்துக்கலாம். வந்தா வரட்டும்."

அதைவிடக் கொடுமையான வார்த்தையை நான் கேட்டதில்லை. அவர் கொடுமையாகச் சொல்லவில்லை, நிஜமாகவேதான் சொன்னார். பெண் கொடியிலிருந்த கையுறைகளை எடுத்து, காய்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். மறுபடி கொடியிலேயே போட்டாள். பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்க முதல்ல எழுதினதே இருக்கட்டும் அக்கா" என்றாள்.

கீழே இறங்கும்போது அக்கா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். காலடியில் அந்த மீட்டர் பெட்டி. "இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தப்பு. அதையும் திருத்த விடமாட்டேங்குதே இந்தப் பொண்ணு" என்று சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மறுநாள் அறிக்கை எழுதினோம். "மேல்முறையீட்டு ஆய்விலும் வீடு காலி." முதல் தடவை அவர் தெரியாமல் எழுதியது. இரண்டாவது தடவை இரண்டு பேரும் தெரிந்தே கையெழுத்துப் போட்டோம்.

மூன்றாம் நாள் அவர் வந்தார், அந்த வேன் ஓட்டுநர். முரட்டு மீசையும் சிவந்த கண்ணுமாக ஒரு ஆளை நான் மனதில் வைத்திருந்தேன். வந்தவரோ இஸ்திரி கலையாத சட்டையில், கும்பிட்ட கையோடு நின்றார். "அண்ணே, பெத்த பொண்ணு எங்க இருக்குன்னே தெரியாம தவிக்கிறேன். எந்தத் தெருன்னு எழுதிக் கொடுத்தாங்க? அதை மட்டும் சொல்லுங்க போதும்." குரல் உடைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கே இரக்கமாகிவிட்டது.

பிறகு அவரே சொன்னார். "என் சம்சாரத்துக்கு இருட்டுன்னா ஆகாது அண்ணே. எங்க இருந்தாலும் லைட்டைப் போட்டுடுவா. அதான் தினம் சாயங்காலம் வண்டியை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ஜன்னலா பாத்துட்டு வரேன்."

பக்கத்து மேஜையிலிருந்த அக்கா, கையிலிருந்த நோட்டை மூடாமலே பேசினார்.

"அது காலி வீடுங்க. சும்மா கொடுத்த அட்ரஸ். நானே ரெண்டு தடவை போய்ப் பாத்தேன். மாசத்துக்கு நாலு யூனிட்டுதான் ஓடியிருக்கு."

"நிச்சயமாவா?"

"மீட்டர் பொய் சொல்லாதுங்க."

அவர் கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்தார். பிறகு கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்கும்வரை அக்கா அசையவில்லை. அப்புறம் தண்ணீர் கேட்டார்.

அந்த சீசனில் கிழக்குப் பள்ளி மூன்றாவது ஆட்டத்திலேயே வெளியேறியது. வலையில் நின்றது வேறொரு பெண், பாவம், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கோல்கீப்பரை மைதானத்தில் ஒரு நாளும் காணவில்லை. கல்லூரி அணித் தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இருக்காது என்று தெரிந்தும் நான் தேடினேன்.

அக்கா மாதாமாதம் அந்த மீட்டரைப் பார்த்தார். நாலு, நாலு, மூன்று, நாலு. வந்ததும் என்னிடம் அந்த எண்ணை மட்டும் சொல்வார். இருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

பரீட்சைகள் முடிந்த அடுத்த மாதம் முப்பத்தெட்டு ஓடியிருந்தது. அக்கா ரீடிங்கைக்கூட எழுதாமல் மாடிக்கு ஓடினாராம். தொல்லை ஒழிந்துவிட்டது, விளக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார். மூன்று தடவை தட்டி, "துணி ரெடியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கதவைத் திறந்தது இடுப்பில் குழந்தையோடு வேறு ஒரு பெண். "துணியெல்லாம் கீழ கடையிலங்க" என்றாள்.

சலவைக்கடைக்காரரிடம் விசாரித்தோம். கடைசிப் பரீட்சை அன்றைக்கே போய்விட்டார்களாம். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. "கேட்டுக்கல. தெரிஞ்சா யார்கிட்டயாச்சும் உளறிடுவேன்" என்றார்.

இப்போதும் சீசன் தொடங்கும் முன் கோப்புகள் வருகின்றன. வெளியூரிலிருந்து மாறி வருகிறவர்களும் உண்டு. அக்கா குடையைச் சுவரில் சாய்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "கீப்பர் யாராச்சும் இருக்காங்களா தம்பி?" அந்தப் பெண் பள்ளி வயதைத் தாண்டி மூன்று வருஷமாகிறது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் முதல் கோப்பிலிருந்து கடைசிக் கோப்பு வரை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான், இல்லை அக்கா என்று சொல்கிறேன்.